மிஞ்சும் மதிப்பெண்ணும் விரும்பும் பாடமும்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் மே மாதத்தில் வெளிவந்ததும் தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், வண்டலூர் வட்டாரத்து வீடுகளில் 'கட்-ஆஃப்' என்னும் சொல் இரண்டு பொருளில் புழங்கத் தொடங்குகிறது. கணித மதிப்பெண்ணை 100-க்கு அப்படியே வைத்து, இயற்பியலையும் வேதியியலையும் தலா 50-க்குச் சுருக்கி, மொத்தம் 200-க்குக் கணக்கிடப்படும் மாணவரின் சொந்த மதிப்பெண் ஒன்று. ஒரு கல்லூரியில் ஒரு பாடப்பிரிவின் கடைசி இடம் சென்ற ஆண்டு எந்த மதிப்பெண்ணில் நிரம்பியதோ அந்த எல்லை மற்றொன்று. முதலாவது இரண்டாவதை எட்டாதபோது எழும் கவலை எல்லோரும் அறிந்தது. ஆனால் 192 பெற்ற ஒரு மாணவி, சென்ற ஆண்டு 160-இல் நிரம்பிய பாடப்பிரிவு ஒன்றை விரும்பும்போது எழும் குழப்பம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. "இவ்வளவு மார்க் வாங்கிட்டு இதுலயா சேரப்போற, மார்க் வீணாப் போயிடாதா" என்ற கேள்வியோடு வீட்டில் அந்தப் பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

இந்தக் கேள்விக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. எல்லை மதிப்பெண் பாடத்தின் தரத்தைக் காட்டுகிறது என்பதே அது. உண்மையில் அந்த எண் காட்டுவது வரிசையின் நீளத்தை மட்டுமே: இத்தனை இடங்களுக்கு இத்தனை பேர் முந்தினார்கள், அவர்களில் கடைசியாக உள்ளே வந்தவரின் மதிப்பெண் இது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை, அதுவும் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்குப் பிரிவு வேறுபடுகிறது. சி. ராஜம் 1949-இல் நிறுவி, 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமான குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தையே எடுத்துக்கொண்டால், அங்கே கணினிப் பொறியியலுக்கான எல்லை மிக உயரத்திலும், உற்பத்தித் தொழில்நுட்பம், ரப்பர் மற்றும் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கான எல்லை அதற்குக் கீழேயும் இருப்பது வழக்கம். வாசலும் நூலகமும் பல்கலைக்கழகத்தின் பட்டமும் எல்லோருக்கும் ஒன்றுதான். தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை வழியாகச் செல்லும் சாலை ஒரகடத்தின் வாகன, டயர் ஆலைகளுக்குத்தான் போய்ச் சேர்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், ரப்பரைப் பற்றிப் படிப்பது இந்த வட்டாரத்துக்கு எவ்வளவு நெருக்கமான கல்வி என்பது புரியும். பல ஆண்டுகளுக்கு முன் இயந்திரப் பொறியியலுக்கு நின்ற கூட்டம் இன்று கணினிக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் இடம் மாறியிருக்கிறது. இதனால் வெப்ப இயக்கவியலின் மதிப்பு ஒரு துளியும் குறைந்துவிடவில்லை.

இதே எம்.ஐ.டி.யில் 1950-களில் படித்த அப்துல் கலாம், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பட்டப்படிப்பின் இறுதிக்கட்டத்தில்தான் தமக்கு உகந்தது பொறியியல் என்று உணர்ந்ததையும், எம்.ஐ.டி. வளாகத்தில் காட்சிக்கு நிறுத்தப்பட்டிருந்த இரண்டு பழைய விமானங்கள் தம்மை வானூர்திப் பொறியியலின் பக்கம் இழுத்ததையும் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அத்தகைய ஈர்ப்பு பதினேழு வயதிலேயே ஒருவருக்கு வாய்த்துவிடுமானால், அது எந்த எல்லை மதிப்பெண்ணையும் விட நம்பத்தகுந்த வழிகாட்டி என்று கொள்ளலாம்.

கலை அறிவியல் கல்லூரிகளில் நிலைமை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1837-இல் தோன்றி, 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 365 ஏக்கர் பரப்பில், வறண்ட பசுமைமாறாப் புதர்க்காடு எனப்படும் அரிய வகைக் காட்டின் நடுவே அமைந்திருக்கிறது. தாவரவியலோ விலங்கியலோ படிக்க வரும் மாணவருக்கு ஆய்வகத்தின் கதவைத் திறந்தால் காடே தொடங்கிவிடும் வாய்ப்பு நகரத்துக் கல்லூரிகளில் மிக அரிது. பொதுவாகக் கலை அறிவியல் கல்லூரிகளில் பி.காம். இடங்களுக்கு நிற்கும் கூட்டம் தாவரவியலுக்கு நிற்பதில்லை. அதனால் 600-க்கு 570 பெற்ற மாணவர் தாவரவியலைக் கேட்கும்போது, உறவினர்கள் அதை ஒரு சரிவாகப் பார்க்கிறார்கள். ஆனால் மதிப்பெண் செலவழித்துத் தீர்க்க வேண்டிய பணம் அன்று. மிஞ்சிய மதிப்பெண் அந்த மாணவருக்கு வேறொரு வகையில் பயன்படுகிறது: அரசே ஆசிரியர் ஊதியம் வழங்கும் 'எய்டட்' பிரிவில், குறைந்த கட்டணத்தில், விரும்பிய பாடத்தில், விரும்பிய கல்லூரியில் இடம் பெறுவதற்கான உறுதியை அதுவே தருகிறது.

இத்தனையும் ஒரு பக்கம். இதன் மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும், ஏனெனில் குறைந்த எல்லையுள்ள இடத்தைத் தேர்பவர் எல்லோரும் விருப்பத்தால் தேர்வதில்லை. அமெரிக்கப் பொருளியலாளர்கள் கரோலின் ஹாக்ஸ்பியும் கிறிஸ்டோஃபர் ஏவரியும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, வருமானம் குறைந்த குடும்பங்களிலிருந்து வந்து மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற மாணவர்களில் பெரும்பான்மையோர் தங்கள் தகுதிக்கேற்ற சிறந்த கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பதே இல்லை என்றும், உதவித்தொகையைக் கணக்கில் கொண்டால் அக்கல்லூரிகளே அவர்களுக்குச் செலவு குறைந்தவையாக இருந்திருக்கும் என்றும் காட்டியது. தகுதிக்குக் கீழான இடத்தில் சேரும் இந்த நிலையைக் கல்வியாளர்கள் 'அண்டர்மேட்ச்' என்று அழைக்கின்றனர். தென்சென்னைப் புறநகரிலும் இதன் சாயல் உண்டு. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் ஒருவர், வீட்டுக்கு அருகிலுள்ள சுயநிதிக் கல்லூரி போதும் என்று முடிவெடுக்கிறார். இருட்டுவதற்குள் மின்சார ரயிலில் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகவே பெண் பிள்ளைகளின் தேர்வு பல வீடுகளில் சுருங்குகிறது. கிண்டி பொறியியல் கல்லூரியின் கட்டணம் பெரும்பாலான சுயநிதிக் கல்லூரிகளின் கட்டணத்தைவிடக் குறைவு என்பதும், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு என்பதும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது என்பதும் அந்த வீடுகளை உரிய நேரத்தில் எட்டாமல் போவது பெரும் இழப்பு. ஆகவே, மிஞ்சிய மதிப்பெண்ணோடு குறைந்த எல்லையுள்ள இடத்தைக் கேட்கும் மாணவரிடம் கேட்க வேண்டியது, அந்தப் பாடம் வேண்டும் என்பதால் கேட்கிறாரா, மேலே கேட்க அஞ்சியோ அறியாமலோ கேட்கிறாரா என்பதுதான்.

அச்சத்துக்குப் பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு முறையில் இடமே இல்லை என்பது பரவலாக அறியப்படாத செய்தி. நேரடிக் கலந்தாய்வு நடந்த காலத்தில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்கள் திரையில் ஓடும் காலியிடங்களைப் பார்த்துச் சில நிமிடங்களில் முடிவெடுத்தார்கள். 2018-இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறிய பிறகு, மாணவர் தம் விருப்பங்களை வரிசையாக முன்கூட்டியே பதிவு செய்கிறார். கணினி, தரவரிசையில் முன்னிற்பவரிடம் தொடங்கி, ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் தென்படும் காலியிடத்தை அவருக்கு ஒதுக்குகிறது. எத்தனை விருப்பங்களை வேண்டுமானாலும் இடலாம். கிடைக்காத இடத்தை முதலில் எழுதியதற்காக அடுத்த விருப்பத்தில் ஒருவருக்குரிய இடம் பறிபோவதில்லை. மாறாக, 'எப்படியும் கிடைத்துவிடும்' என்று கருதும் இடத்தை முதலில் எழுதினால், அதற்குக் கீழே எழுதிய இன்னும் விருப்பமான இடத்தைக் கணினி எட்டிக்கூடப் பார்க்காது. மாணவரின் மதிப்பெண் அதற்கும் போதும் என்று அது எடுத்துச் சொல்லப் போவதுமில்லை. ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டு மேல்நிலை விருப்பத்துக்குக் காத்திருக்கும் 'அப்வேர்ட்' வாய்ப்பும் பட்டியலில் மேலே எழுதியவற்றுக்கு மட்டுமே பொருந்தும். பட்டியலின் வரிசை என்பது எல்லை மதிப்பெண்களின் இறங்குவரிசையாக இல்லாமல் விருப்பத்தின் இறங்குவரிசையாக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து தானே பெறப்படும்.

மதிப்பெண்ணையும் இடத்தையும் பொருத்தும் சிக்கல் இங்கிலாந்தில் வேறு உருவம் எடுக்கிறது. அங்கே தேர்வு எழுதும் முன்பே ஆசிரியர்கள் கணித்துத் தரும் 'ஊக மதிப்பெண்'ணை வைத்து மாணவர்கள் பொதுவாக ஐந்து இடங்கள் வரை விண்ணப்பிக்கிறார்கள். ஆய்வாளர் கில் வைனஸ் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த ஊகம் சரியாகப் பொருந்தியது 16 சதவீத மாணவர்களுக்கு மட்டுமே; பெரும்பாலோருக்கு அது மிகையாகவே இருந்தது. எதிர்பார்த்ததைவிட உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்கள் வேறு பல்கலைக்கழகத்தைத் தேட உதவிய 'அட்ஜஸ்ட்மென்ட்' என்னும் ஏற்பாடு 2021-உடன் நிறுத்தப்பட்டது. தமிழ்நாட்டு மாணவருக்குச் சொந்த மதிப்பெண் கையில் இருக்கிறது. ஊகமாக இருப்பது எல்லை மதிப்பெண்தான். சென்ற ஆண்டின் எண் இந்த ஆண்டும் அப்படியே நிற்கும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. தேர்வே நடக்காமல், பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 சதவீதம், பதினொன்றுக்கு 20, பன்னிரண்டின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டுக்கு 30 என்று கூட்டி மதிப்பெண் வழங்கப்பட்ட 2021-ஐ நினைத்தால், முந்தைய ஆண்டுப் பட்டியல் எவ்வளவு எளிதில் பொருளிழக்கும் என்பது விளங்கும்.

பிளஸ் டூ மதிப்பெண் எவ்வளவு மிஞ்சினாலும் அதைக்கொண்டு இடம் தராத கல்விக்கூடங்களும் இதே வட்டாரத்தில் உண்டு. கேளம்பாக்கத்தை அடுத்த சிறுசேரியில் இயங்கும் சென்னைக் கணிதக் கழகம், தானே நடத்தும் நுழைவுத் தேர்வின் மூலமே பெரும்பாலான இளநிலை மாணவர்களைத் தேர்கிறது. கணிதத்தில் உண்மையான நாட்டமுள்ள மாணவர் தாம்பரத்தில் 200-க்கு 199 பெற்றுக்கொண்டு இப்படி ஓர் இடம் பக்கத்திலேயே இருப்பதை அறியாமல் இருப்பதும் ஒருவகையில் அண்டர்மேட்சே.

காலவரிசையும் தேர்வைச் சிக்கலாக்குகிறது. கலை அறிவியல் கல்லூரிகளின் சேர்க்கை முன்னதாகவே முடிந்து வகுப்புகள் தொடங்கிவிட, பொறியியல் கலந்தாய்வு அதன் பிறகே நடக்கிறது. மிஞ்சிய மதிப்பெண்ணோடு ஒரு பாதுகாப்புக்காக விலங்கியலிலோ புள்ளியியலிலோ சேர்ந்து கட்டணம் கட்டியவர், பொறியியல் ஒதுக்கீடு வந்ததும் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். காலியாகும் இருக்கை பல வேளைகளில் அந்த ஆண்டு நிரம்புவதில்லை. அந்தப் பாடத்தையே முதல் விருப்பமாகக் கேட்டுக் காத்திருப்போர் பட்டியலில் நின்ற மாணவர் அதற்குள் வேறொரு கல்லூரியில் வேறொரு பாடத்தில் சேர்ந்திருப்பார்.