கண் தெரியும்போதே கண்ணைக் காட்டுங்கள்



ஆழ்வார்குறிச்சிப் பக்கம் பிசான அறுவடை முடிந்தால் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அதில் ஒரு நாளைக் கண்ணுக்காக ஒதுக்க வேண்டும் என்று சொல்லவே வந்திருக்கிறேன். "கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்கு டாக்டர்?" என்று அண்ணாச்சிமார் கேட்பீர்கள். நல்லாத் தெரியும்போது காட்டினால்தான் முழுப் பலன்.

நெல்லில் குருத்துப்பூச்சி விழுந்து வெண்கதிர் வந்த பிறகு மருந்தடித்து என்ன செய்ய? அந்தக் கதிர் பதர்தான். கண் நீர் அழுத்த நோயும் இப்படித்தான். கண்ணுக்குள்ளே ஒரு நீர் ஓயாமல் சுரந்து, சிறு வடிகால் வழியே வெளியேறுகிறது. (அழும்போது வருகிற கண்ணீர் வேறு.) வடிகால் அடைபட்டால் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகும். பெரும்பாலோருக்கு வலியும் இராது, சிவப்பும் இராது. முதலில் குறைவது பக்கப் பார்வை. நேரே பார்த்தால் எல்லாம் தெரியும்; ஆனால் பக்கத்தில் வருகிற சைக்கிள் தெரியாது, வரப்பில் கால் இடறும். வயசாயிட்டுது என்று விட்டுவிடுகிறோம். போன பார்வையை எந்த ஆபரேஷனும் திருப்பித் தராது. முன்னாலேயே கண்டுபிடித்தால், சொட்டு மருந்து போட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

கண்புரை அப்படியில்லை. லென்ஸ் மாற்றினால் பார்வை வந்துவிடும். "புரை பழுக்கட்டும்" என்று காத்திருந்த காலமும் போய்விட்டது. மங்கலா, அப்ப புரைதான் என்று நாமே முடிவு கட்டுகிறோமே, அதுதான் ஆபத்து.

இன்னொரு சங்கதி. உடம்பில் கத்தி வைக்காமலே ரத்தக் குழாயை நேராகப் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் அங்கே தடம் பதிக்கும். "சுகர் பார்த்தீங்களா?" என்று கண் டாக்டர் கேட்ட பிறகுதான் தமக்குச் சர்க்கரை இருப்பதே சிலருக்குத் தெரிகிறது.

சர்க்கரை உள்ளவர்கள் கண் தெளிவாகத் தெரிந்தாலும் வருஷம் ஒரு தடவை காட்ட வேண்டும். தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது அழுத்த நோய் இருந்தால் நீங்களும் அப்படியே. மற்றவர்கள் 40 வயசுக்கு மேல் ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை. கண் உறுத்தினால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சொட்டுவது வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை நாள்கணக்கில் போட்டால் அதுவே அழுத்தத்தை ஏற்றிவிடும்.

எங்கே போவது? பாளையங்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த டாக்டர் வெங்கடசாமி, அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, 1988-ல் திருநெல்வேலிக்கும் வந்தது. ஆழ்வார்குறிச்சி ஸ்டேஷனில் ரயிலேறினால் நெல்லைக்கே போய் இறங்கலாம். ஊரில் கண் முகாம் போட்டால் அதையும் விட்டுவிடாதீர்கள்.

போகும்போது பழைய கண்ணாடி, சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டு இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் கூசும், கிட்டத்தில் உள்ளது மங்கும். மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, மகனையோ மகளையோ துணைக்குக் கூட்டிப் போங்கள். கூட வருகிறவருக்கும் 40 தாண்டியிருந்தால் அவரும் காட்டிக்கொண்டு வரட்டும்.