உங்களுக்குத் தெரியுமா? பர்மா தேக்குக்கு அண்டையில் எண்ணெய்

கீழச்சிவல்பட்டி உள்ளிட்ட செட்டிநாட்டு ஊர்களுக்குத் தேக்குத் தூண் தந்த பர்மாவில், மடிந்த பாறைகள் எண்ணெயையும் சிறைபிடித்து வைத்திருந்தன. இந்தியப் புவித்தட்டு கிழக்கே நெருக்கியதில், ஓரத்தில் தள்ளிய ஜமுக்காளம்போல் படிவுப் பாறைகள் மடிந்து எழுந்தன. அரக்கான் மலைத்தொடர் அப்படிப் பிறந்ததுதான். ஐராவதிக் கரையிலுள்ள ஏனாஞ்சாங்கிலும் அதே நெருக்கத்தால் அடுக்குகள் மேல்நோக்கி வளைந்தன. நீரைவிட இலேசான எண்ணெய், மணற்பாறையின் நுண்துளைகள் வழியே வளைவின் உச்சிக்கு ஏறியது. மேலே படிந்திருந்த களிப்பாறை அதைத் தடுத்து நிறுத்தியது. அங்கே பர்மியர் கையாலேயே கிணறு தோண்டி எண்ணெய் இறைத்தார்கள், எத்தனை அபாயமான உழைப்பு! 1886இல் உருவான பர்மா ஆயில் கம்பெனி பிறகுதான் துளையிடும் இயந்திரங்களைக் கொண்டுவந்தது. அசாமின் டிக்பாயிலும் எண்ணெய் இருந்தது இத்தகைய மடிப்பில்தான். அங்கே 1901இல் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது.