உஷார்! போர்ன்மவுத்தில் இல்லாத வீட்டுக்கு அட்வான்ஸ்

மாமாவுக்கு எலெக்ட்ரிக்கல் கடை. அதனால்தான் தப்பித்தோம்.

அக்கா மகளுக்கு வயது 17. பிளஸ் டூ முடித்த கையோடு இங்கிலாந்தில் நான்கு வாரம் ஒரு குடும்பத்தோடு தங்கி இங்கிலீஷ் படிப்பதாக ஏற்பாடு. ஊர் போர்ன்மவுத். தென்கடற்கரையில் இருக்கிறது, மொழிப் பள்ளிகளுக்குப் பேர் போன ஊர். "ஹோஸ்ட் ஃபேமிலி ரெடி சார், வயசான தம்பதி, ரொம்ப டீசன்ட். சம்மர்ல ரூம் பறந்துடும். இன்னைக்கே 300 பவுண்டு டெபாசிட் போட்டுடுங்க" என்று ஏஜென்ட் அவசரப்படுத்தினார். வாட்ஸ்அப்பில் நான்கு படங்களும் வந்தன.

வெள்ளை விரிப்பு போட்ட கட்டில், ஜன்னலோரம் பூந்தொட்டி. அக்கா கட்டிலைப் பார்த்தாள். மாமா சுவரைப் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பிளக் பாயின்ட்டைக் காட்டினார். வட்டமான குழி, உள்ளே இரண்டு துளை. "இது ஜெர்மனி, ஸ்பெயின் பக்கம் போடுற சாக்கெட். இங்கிலாந்துல தட்டையா மூணு பின். நான் அடாப்டர் விக்கிறவன்பா, எனக்குத் தெரியாதா?"

ஏஜென்ட்டிடம் கேட்டால், "அது சும்மா மாதிரிப் படம் சார்" என்று சிரிக்கிறார். பணம் போடச் சொன்ன கணக்கும் பள்ளியின் பெயரில் இல்லை, யாரோ ஒரு தனி ஆள் பெயரில் இருந்தது. போர்ன்மவுத் பள்ளிக்கே போன் போட்டோம். அந்தப் பெயரில் எந்த மாணவியும் பதிவாகவில்லை என்று பதில் வந்தது. பதிவுக் கட்டணம் என்று முன்பே கொடுத்த 40,000 ரூபாய் இன்றுவரை திரும்பவில்லை.

வெளிநாட்டுக்காரர் வீட்டில் பிள்ளை எப்படி இருக்குமோ என்றுதான் நாம் கவலைப்படுகிறோம். எனக்கென்னவோ, முதலில் பயப்பட வேண்டியது இங்கே உள்ளூரில் உட்கார்ந்து வாட்ஸ்அப் அனுப்புகிறவரைப் பார்த்துத்தான்.

பிரிட்டனில் இங்கிலீஷ் கற்றுத்தரும் பள்ளிகளை பிரிட்டிஷ் கவுன்சில் ஆய்வு செய்து அங்கீகாரம் தருகிறது. பட்டியல் அதன் இணையதளத்திலேயே இருக்கிறது. பள்ளியின் போன் நம்பரை அதன் வழியாகத் தேடி எடுங்கள். ஏஜென்ட் கொடுக்கும் நம்பர் வேண்டவே வேண்டாம், அதை எடுப்பது அவர் மச்சானாகக்கூட இருக்கலாம். என் பிள்ளை பெயர் பதிவாகியிருக்கிறதா, வீடு பார்த்துக் கொடுப்பது நீங்களா என்று நேராகக் கேளுங்கள். டெபாசிட்டோ ஃபீஸோ, பள்ளியின் கணக்கைத் தவிர வேறு எதிலும் போடாதீர்கள்.

அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் ஒரு வீட்டில் நான்கு மாணவர்களுக்கு மேல் தங்கவைக்கக் கூடாது. ஒரே தாய்மொழிக்காரர்களை, அவர்களாகக் கேட்டாலொழிய, ஒரே வீட்டில் போடவும் கூடாது. ஆகவே, "பயப்படாதீங்க மேடம், அங்க நம்ம தமிழ்ப் பிள்ளைங்களே ஆறு பேர் இருக்காங்க" என்று ஆறுதல் சொன்னால் அங்கேதான் உஷாராக வேண்டும். அது ஹோஸ்ட் ஃபேமிலி இல்லை, அடைசலான லாட்ஜ். 18 வயதுக்குக் கீழ் என்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும்: வீட்டுக்காரர்களுக்குக் குற்றப் பின்னணிச் சோதனை முடிந்ததா? 'டிபிஎஸ் செக்' என்று சொன்னால் பள்ளிக்காரர்களுக்குப் புரியும். 16 வயதுகூட ஆகாத பிள்ளை, நெருங்கிய சொந்தமில்லாத வீட்டில் 28 நாளோ அதற்கு மேலோ தங்கினால் உள்ளூர் கவுன்சிலுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

விசாவுக்கு வருவோம். இப்படிக் குறுகிய காலம் போகிறவர்கள் வழக்கமாக விசிட்டர் விசாவில்தான் போகிறார்கள். அதில் 6 மாதம் வரை படிக்கலாம், ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்க முடியாது. "வாடகையே வேண்டாம், அந்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கிட்டா போதும்" என்று ஆசை காட்டுவார்கள். அதுவும் வேலைதான், சிக்கினால் மாட்டுவது உங்கள் பெண். அதைவிட மோசம், "பேங்க் ஸ்டேட்மென்ட்டெல்லாம் நாங்களே ரெடி பண்ணிடுறோம்" என்கிற ஏஜென்ட். போலி ஆவணம் என்று கண்டுபிடித்தால் 10 வருடம் பிரிட்டனுக்கு விசா கிடையாது. தடை விழுவது ஏஜென்ட்டுக்கு அல்ல, விண்ணப்பித்தவருக்கு. சமர்ப்பிக்கும் முன் விண்ணப்பத்தை வரி வரியாகப் படித்துப் பாருங்கள். தங்கப்போகும் வீட்டின் முகவரியைப் பிள்ளை கையில் காகிதத்திலும் எழுதிக் கொடுங்கள். ஹீத்ரோவில் அதிகாரி எங்கே தங்கப் போகிறாய் என்று கேட்கும்போது போனில் சார்ஜ் இருக்காது.

டிராவல் இன்சூரன்ஸில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். விசிட்டர் விசாவில் போனவர் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால், அரசு மருத்துவச் சேவையே செலவில் 150 சதவீதம் பில் போடும். சாப்பாடு பற்றிப் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வெஜிடேரியன் என்று மட்டும் எழுதினால் தட்டில் ஆம்லெட் வரும். முட்டையும் கூடாது என்று தனியாக எழுதுங்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ள வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. ஆபத்து என்றால் அங்கே 999.

எங்களைப் போல் கொஞ்சமோ, முழுசாகவோ பணம் கட்டி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு வீட்டுக்குள் உட்காராதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930. பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு அதிகம். நாங்கள் 12 நாள் யோசித்துவிட்டுக் கூப்பிட்டோம்.