பழைய ஜீப்புக்கு ஹெடர்: ரெண்டு இன்ச் பைப் வேணுமா?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். சங்கரன்கோவில் பக்கத்துல இருந்து ஒரு நேயர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். தாத்தா காலத்து மஹிந்திரா சிஜே-3பி, பெட்ரோல் எஞ்சின். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விட்டிருச்சு, பழைய வார்ப்பு எங்கயும் கிடைக்கல. ஒரு வெல்டர், "ரெண்டு இன்ச் பைப்புல ஹெடர் அடிச்சுத் தாரேன், வண்டி பறக்கும்"னு சொல்லியிருக்கார். நேயர் சொல்றது இதுதான்: "பறக்க வேணாம். உரமூட்டையை ஏத்திக்கிட்டு கரிசல் சகதியில இழுக்கணும். செய்யலாமா?"

அவருக்கு முதல்ல ஒரு விஷயம். விரிசல் இருக்கிற வண்டியைத் தார்ப்பாய் மூடிக்கிட்டு ஓட்டாதீங்க. கசியிற புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு. அதுக்கு வாசனை கிடையாது. தலைவலின்னு நினைச்சுக்கிட்டே மயங்கிருவீங்க.

சரி, எஞ்சினுக்கு வருவோம். இது வில்லிஸ் ஹரிக்கேன் எஃப்-134. 134 கன இன்ச், அதாவது சுமார் 2.2 லிட்டர். இன்டேக் வால்வு மேல ஹெட்டுல இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு பக்கவாட்டுல பிளாக்குல இருக்கும். அந்த உயரமான ஹெட்டை மூடுறதுக்காகத்தான் 3பி-க்கு அவ்வளவு உயரமான பானெட். இன்டேக் பாதை ஹெட்டோட சேர்த்தே வார்த்தது. அதனால எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் தனியாக் கழட்டி மாத்திக்கலாம். இந்த விஷயத்துல நேயருக்கு அதிர்ஷ்டம்தான்.

இப்போ பைப் அளவு. பழைய கை ஒன்னு கிட்ட கேட்டேன், நாப்பது வருஷமா ஜீப் வேலை பாக்குற அண்ணாச்சி. "அண்ணாச்சி, பெருசா இருந்தா புகை லேசாப் போகும்தானே?"ன்னேன். சிரிச்சுட்டார். "தம்பி, வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற வாய்க்காலை அகலமா வெட்டுனா தண்ணி வேகமா வருமா, தேங்கி நிக்குமா? நீங்களே பாத்துக்கிடுங்க."

அவர் சொன்னதுக்கு ஒரு கணக்கும் இருக்கு. ஒரு சிலிண்டரோட கன இன்ச்சை, எந்த ஆர்பிஎம்முல இழுவை வேணுமோ அதால பெருக்கி, 88,200-ஆல வகுத்தா, ஒரு பைப்போட உள்பரப்பு சதுர இன்ச்சுல வரும். எழுத்துல அச்சடிச்ச விதி மாதிரி எடுத்துக்காதீங்க, தோராயம்தான். ஆனா கிட்டத்தட்ட சரியா வரும். நம்ம எஞ்சினுக்கு ஒரு சிலிண்டர் 33.5 கன இன்ச். 3000 ஆர்பிஎம்னு வச்சா பரப்பு 1.14 சதுர இன்ச். விட்டம் 1.2 இன்ச் வருது.

அதையே திருப்பிப் போடுங்க. உள்விட்டம் ரெண்டு இன்ச் பைப் எந்த ஆர்பிஎம்முக்குப் பொருந்தும்? 8000-க்கு மேல. இந்த எஞ்சினோட உச்ச சக்தியே 4000 பக்கத்துலதான் வருது, டார்க் உச்சம் 2000 கிட்ட. அதாவது வெல்டர் அடிக்கப்போறது, இந்த எஞ்சின் வாழ்நாள்ல தொடாத வேகத்துக்கான ஹெடர். நானே ஒரு தடவை இப்படித்தான் ஏமாந்தேன், வேற வண்டியில. சத்தம் மட்டும் நல்லா வந்துச்சு. மேட்டுல முதல் கியர்ல கிளட்ச்சை விட்டா இஞ்சின் அணைஞ்சுபோகும்.

வடிவம் என்னன்னு கேட்டா, நாலு பைப்பும் ஒரே இடத்துல கூடுறது மேல் ஆர்பிஎம்முக்கு. நாலு ரெண்டாகி, ரெண்டு ஒன்னாகிறது கீழ், நடு ஆர்பிஎம் இழுவைக்கு. நமக்கு ரெண்டாவதுதான். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, அதனால 1-ஐயும் 4-ஐயும் ஜோடி சேர்க்கணும், 2-ஐயும் 3-ஐயும் ஜோடி சேர்க்கணும். பக்கத்துல பக்கத்துல இருக்குதுன்னு 1-2, 3-4-ன்னு சேர்த்தா போச்சு. பைப்பை வளைக்கிறதுக்கு முன்னாடி பழைய கேஸ்கெட்டை பிளாக்குல வச்சு துளைகளை எண்ணிக்கோங்க. சில பழைய எஞ்சின்கள்ல ரெண்டு சிலிண்டர் ஒரே துளையில வெளிய வரும். அப்படி இருந்தா எந்த ரெண்டு சேருதுன்னு பாத்துட்டுத்தான் ஜோடிக் கணக்கைப் போடணும்.

பிளாக்கோட சேர்ற தகடு கனமா இருக்கணும். மெலிசாப் போட்டா வெல்டிங் சூட்டுலயே வளைஞ்சு, கேஸ்கெட் மாசத்துக்கு ஒன்னு போகும். வெல்ட் பண்ணின பிறகு லேத்துல முகத்தைச் சமமா எடுத்தே ஆகணும். ஸ்டெயின்லெஸ் பளபளன்னு இருக்கும்தான், ஆனா சூட்டுல வார்ப்பிரும்பைவிட அதிகமா விரியும். அதனால வளைவுகள்ல அதுக்கு இடம் விட்டிருக்கணும். மெலிசான குழாய் வார்ப்பைவிட பானெட்டுக்குள்ள அதிகச் சூட்டை விடும். நம்ம ஊர் சித்திரை வெயில்ல கார்புரேட்டர் பக்கம் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்னுபோகும். பெட்ரோல் குழாயைத் தள்ளி வைங்க, நடுவுல ஒரு தகடு மறைப்பு கொடுங்க. துணிப்பட்டை சுத்துறது எனக்குப் பிடிக்காது. சகதித் தண்ணியைக் குடிச்சு வச்சு உள்ளயே துருப்பிடிக்க வச்சிரும்.

நேயரோட தம்பி எம்எம்540 வச்சிருக்காராம், "எனக்கும் போடலாமா"ன்னு கேட்டிருக்கார். அது பியூஜோ டீசல், டர்போ இல்லாதது. ஹெடர்ல பெருசா ஒன்னும் கிடைக்காது. டர்போ ஏத்தினதுன்னா இன்னும் வேணாம். டர்பைனைச் சுத்த அந்தச் சூடுதான் வேணும். குட்டையான வார்ப்பு மேனிஃபோல்டு அதைக் காப்பாத்தும்.

சட்டமும் ஒன்னு சொல்லணும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, வண்டியை அடிப்படை விவரங்களுக்கு மாறாக மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திச்சு. பழைய ஜீப்கள்ல பெட்ரோலைக் கழட்டி டீசல் போட்டு, ஆர்சி-யில மாத்தாம விட்டது நிறைய. உங்க ஆர்சி-யில எரிபொருள், எஞ்சின் எண் ரெண்டும் சரியா இருக்கான்னு முதல்ல பாருங்க. அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது மாட்டிக்கிடுவீங்க. சைலன்சரை மட்டும் எடுத்துறாதீங்க.

இன்னொரு வழியும் அண்ணாச்சி சொன்னார். விரிசல் சின்னதா இருந்தா, வார்ப்பை முழுசாச் சூடாக்கி, நிக்கல் ராடுல வெல்ட் பண்ணி, மெதுவா ஆறவிட்டு, முகத்தை லேத்துல எடுத்து மாட்டிப் பாக்கலாம். ஹெடரைவிட செலவு கம்மி, வண்டியும் தாத்தா விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கும். துளைக்குக் குறுக்கே விரிசல் ஓடியிருந்தா மட்டும் ஹெடர். அப்பவும் ஒன்னேகால்ல இருந்து ஒன்னரை இன்ச்சுக்குள்ள நிறுத்திக்கோங்க. எதை மாட்டினாலும், ஒரு நாள் ஓட்டி நல்லா ஆறின பிறகு நட்டுகளை மறுபடி இறுக்கிடுங்க.