சிறகு கொய்தலும் கிளியின் பறத்தலும்

வளர்ப்புக் கிளியின் 'சிறகை வெட்டுதல்' என்று மக்கள் கூறினும், வெட்டப்படுவது சிறகன்று, இறகேயாம். சிறகு எலும்பும் தசையும் கூடிய உறுப்பு. இறகு அதன்மேல் முளைப்பது. வாத்து முதலியவற்றின் சிறகு நுனியெலும்பையே நீக்கிவிடும் முறையும் உண்டு. அவை பின்னர் ஒருநாளும் நேரே பறப்பதில்லை. இறகு கொய்தல் அத்தகைய கொடுமையன்று. முதிர்ந்த இறகு நகம்போல் உயிரற்றது, வெட்டினால் நோவில்லை. முளைத்துவரும் இறகின் காம்பிலோ குருதி ஓடுவதால், அதனை வெட்டினால் குருதி பெருகும்.

கிளியின் சிறகு நுனியில், நம் கைக்கு ஒப்பான எலும்புகளில், 10 பேரிறகுகள் உள. பறவையை முன்னே உந்துவன இவையே. வளர்ப்போர் குறைப்பதும் பெரும்பாலும் இவற்றையே.

பறத்தலின் ஆற்றல் நெஞ்சில் இருக்கிறது. நெஞ்செலும்பின் நடுவே, ஓடத்தின் அடிமரம்போல் ஒரு மேடு எழுந்து நிற்கும். அதனைப் பற்றிய பெருந்தசை சிறகைக் கீழே இழுக்கிறது. சிறகை மேலே தூக்குவது யாது? முதுகுத் தசை என்று எண்ணத் தோன்றும். அன்று, அதுவும் நெஞ்சில், பெருந்தசையின் அடியிலேயே உள்ளது. அதன் நாண் தோளெலும்புகள் கூடுமிடத்துத் துளைவழி மேலேறி, சிறகெலும்பின் மேற்புறத்தைப் பற்றுகிறது. கிணற்றுக் கப்பியில் கயிற்றைக் கீழே இழுக்க, வாளி மேலே வருவதுபோன்றதே இவ்வமைப்பு. பறவாத கிளியின் தசைகள் உழைப்பின்றி மெலிகின்றன.

ஆகவே, கேடு வெட்டும் கத்தரியில் மட்டுமன்று, வெட்டும் காலத்திலும் உள்ளது. குஞ்சு பறக்கப் பழகுமுன்னரே இறகு கொய்தால், திரும்புதல், வேகம் தணித்தல், தரையிறங்குதல் ஆகியவற்றை அது கல்லாமலே வளர்கிறது. உடல் கனத்த ஆப்பிரிக்கச் சாம்பற்கிளி கல்போல் விழுந்து, நெஞ்சுமேட்டின் தோல் கிழிவதும் உண்டு. ஒரு பக்க இறகை மட்டும் வெட்டுவது இன்னும் தீது. நிலை தடுமாறிச் சுழன்று விழும்.

கிளிச்சோதிடரின் கிளி பறந்தோடாமல் நடந்துவந்து சீட்டெடுப்பதற்கு இறகு கொய்தலும் ஒரு காரணம். இந்தியாவில் அந்நாட்டுக் கிளிகளைப் பிடித்து வைத்திருத்தல் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். 'சிறை' என்னும் பழந்தமிழ்ச் சொல்லுக்குச் சிறகு, காவல் என இரு பொருளும் உண்டென்பது ஆசிரியர் அறிந்ததே.

கொய்த இறகு தானாக வளராது. அடிக்காம்பு உதிர்ந்த பின்னரே புதியது முளைக்கும். அதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். அண்டையிறகுகளின் காப்பின்றித் தனித்து நீளும் அவ்விளம் இறகு எளிதில் ஒடிந்துபோவதும் உண்டு.

இனி, கொய்துவிட்டோம் என்று நம்பிக் கிளியைத் தோளில் ஏற்றி வெளியே செல்வோரும் உளர். காக்கட்டீல் போன்ற மெல்லுடல் கிளிகளுக்குச் சில இறகுகள் மீண்டும் முளைத்தாலே போதும். நல்ல காற்றில் மேலெழுந்துவிடும். மரவுச்சியில் அமர்ந்த அக்கிளி உரிமையாளரின் குரலைக் கேட்டும் வருவதில்லை. வர மனமின்றியன்று, உயரத்திலிருந்து கீழ்நோக்கிப் பறக்க அது ஒருபோதும் பழகியதில்லை.