கட்டைவிரலா, மணிக்கட்டா? பனிவண்டிக்கு பைக் ஆக்சிலரேட்டர் மாட்டும் ஆசையும் அதன் ஆபத்தும்!

குளிர்காலத்தில் காஷ்மீரின் குல்மார்க் பக்கம் போய் வந்தவர்கள் இந்த வண்டியைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு ஸ்கீ பலகைகள். பின்பக்கம், ராணுவ டாங்கியில் சுற்றுவதுபோல அகலமான ரப்பர் பட்டை. பெயர் ஸ்னோமொபைல்.

நம்ம ஊர் ஸ்கூட்டர் ஞாபகத்தில் இதில் ஏறி உட்கார்ந்து வலது கைப்பிடியை முறுக்கினால் ஒன்றுமே நடக்காது. கைப்பிடி அசையாது. அதற்கு அருகிலேயே, கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் சின்னதாக ஒரு லீவர் இருக்கும். அதை அழுத்தினால்தான் வண்டி நகரும்.

'இதென்ன கூத்து? பைக்கில் இருப்பதுபோல முறுக்குகிற ஆக்சிலரேட்டரை வைத்துத் தொலைக்க வேண்டியதுதானே?' என்று உங்களுக்குத் தோன்றினால், நீங்கள் தனி ஆள் இல்லை. பனிவண்டி பிறந்து வளர்ந்த கனடாவிலும் அமெரிக்காவிலும் இதே கேள்வியோடு ஷெட்டில் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறவர்கள் உண்டு. ஆக்சிலரேட்டரை மாற்றுவதற்கான உதிரிபாகங்களும் கிடைக்கின்றன. மாற்றலாம். ஆனால், மாற்றுவதற்கு முன் அந்த லீவரை ஏன் அப்படி வைத்தார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஆம்புலன்ஸாகத் தொடங்கிய கதை

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர்ட் என்றொரு சிற்றூர். அங்கே 1926-ல், 19 வயதில் சொந்தமாக மெக்கானிக் ஷெட் திறந்தவர் ஜோசப் அர்மண்ட் பொம்பார்டியர். குளிர்காலம் வந்தால் அந்த ஊர்ச் சாலைகள் பனியில் மூடிப்போகும். 1934-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவானுக்கு வயிற்றுக்குள் கடும் தொற்று. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வழியில்லை. பனியில் ஓடக்கூடிய வண்டி ஒன்றை அப்பா பல வருடங்களாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்தான். ஆனால், அன்றைக்கு அது பாகம் பாகமாகப் பிரித்துப் போடப்பட்டிருந்தது. குழந்தை இறந்துபோனான்.

அதன் பிறகு அவர் உருவாக்கிய பல்சக்கர ரப்பர் பட்டைக்கு 1937-ல் காப்புரிமை கிடைத்தது. அந்தப் பட்டையில் ஓடிய ஏழு பேர் வண்டியும், பிறகு வந்த பன்னிரண்டு பேர் வண்டியும் ஆம்புலன்ஸாக, பள்ளி வாகனமாக, தபால் வண்டியாக ஓடின. ஓரிருவர் உட்கார்ந்து ஓட்டும் சிறிய 'ஸ்கி-டூ' வந்தது 1959-ல்தான். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ரோசோ என்ற ஊரிலும் 1950-களில் ஒரு பட்டறைக்காரர் குழு இதே முயற்சியில் இறங்கியது. இன்றைய போலாரிஸ் நிறுவனம் அங்கிருந்து வந்ததுதான்.

ஆக, ஸ்டியரிங் பிடித்து ஓட்டும் பட்டை வண்டிதான் இதன் மூதாதை. பைக்கிடமிருந்து இது எடுத்துக்கொண்டது ஹேண்டில்பாரும் உட்காரும் விதமும் மட்டுமே. பார்வைக்கு பைக் மாதிரி இருக்கிறதே தவிர, குணம் வேறு.

பதறும்போது கை என்ன செய்யும்?

பைக்கில் வளைவு வந்தால் வண்டியோடு சேர்ந்து நாமும் சாய்வோம். பனிவண்டி அப்படித் தானாகச் சாயாது. ஓட்டுபவர்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உடம்பைத் தள்ள வேண்டும். ஆழமான பனியில், மலைச்சரிவில் குறுக்காகப் போகும்போது ஒரு பக்கப் படியில் இரண்டு கால்களையும் வைத்து நின்று, ஏறக்குறைய வண்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டு ஓட்டுவார்கள். அப்போது ஹேண்டில்பார்தான் பிடிமானம். மணிக்கட்டின் கோணம் நொடிக்கு நொடி மாறும்.

இந்த நிலையில் கைப்பிடியே ஆக்சிலரேட்டராகவும் இருந்தால்? உடம்பு பின்னால் சரியும்போதெல்லாம் மணிக்கட்டு கீழே இறங்கும், ஆக்சிலரேட்டர் திறக்கும். வண்டி துள்ளி முன்னால் பாயும். உடம்பு இன்னும் பின்னால் சரியும். விழாமல் இருக்க இன்னும் இறுக்கிப் பிடிப்போம், இன்னும் திறக்கும். பைக் ஓட்டிகள் இதற்கு 'விஸ்கி த்ராட்டில்' என்று பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். போதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பச்சைத் தண்ணீர் குடித்தவருக்கும் வரும்.

நமக்கும் இது தெரிந்த விஷயம்தான். ஸ்கூட்டர் பழகும்போது பதறிப்போய் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை முறுக்கி சுவரில் மோதியவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, முன்னால் நிற்கும் குழந்தை விளையாட்டாகக் கைப்பிடியைத் திருகி வண்டி பாய்ந்த கதைகளும் உண்டு. அந்த ஸ்கூட்டரின் சக்தி சுமார் 8 குதிரைத்திறன். இன்றைய 850 சிசி டூ-ஸ்ட்ரோக் பனிவண்டிகளில் 160 குதிரைத்திறனுக்கு மேல் இருக்கிறது! எடையோ 200 கிலோவைத் தாண்டும்.

இன்னொன்று. கியர் பைக்கில் தப்பிக்க ஒரு வழி உண்டு, கிளட்சைப் பிடித்துவிடலாம். பனிவண்டியில் கிளட்ச் லீவரே கிடையாது. ஆக்டிவா மாதிரி பெல்ட்டில் ஓடும் தானியங்கி அமைப்புதான். இடது கையில் பிரேக், வலது கையில் ஆக்சிலரேட்டர், அவ்வளவே.

கட்டைவிரல் லீவரின் சூட்சுமம் இதுதான். பிடித்துக்கொள்வது நான்கு விரல்களும் உள்ளங்கையும். வேகம் கொடுப்பது கட்டைவிரல் மட்டும். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் வேகம் கூடாது. கட்டைவிரலை எடுத்தால் ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். தடித்த உறை போட்ட கைக்கும் இது வசதி. நான்கு சக்கர ஏடிவி வண்டிகளிலும் பெரும்பாலும் இதே கட்டைவிரல் லீவர் இருப்பதற்குக் காரணமும் இதுவே.

அப்புறம் ஏன் மாற்றத் துடிக்கிறார்கள்?

பழக்கம் ஒரு காரணம். கோடையெல்லாம் பைக் ஓட்டுகிறவருக்கு மணிக்கட்டில்தான் வேகம் இருக்கிறது. ஆனால், வெறும் பழக்கத்துக்காக மாற்றுவது வீண்வேலை என்பது என் கருத்து. இரண்டு நாள் ஓட்டினால் கட்டைவிரல் பழகிவிடும்.

உண்மையான காரணம் வலி. பழைய வண்டிகளில் இரண்டு அல்லது மூன்று கார்புரேட்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பிரிங். அத்தனையையும் ஒற்றைக் கட்டைவிரல் மணிக்கணக்கில் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். வயது ஏற ஏற, குறிப்பாகப் பெண்களுக்கு, கட்டைவிரலின் அடிமூட்டு தேய்வது சகஜம். அப்படிப்பட்டவருக்கு இது சித்திரவதை. ஐம்பது வயதுக்கு மேல், பிடித்த ஒரே குளிர்கால வண்டியை விற்றுவிடுவதா, ஆக்சிலரேட்டரை மாற்றுவதா என்று யோசிப்பவரிடம் 'பழகிக்கோங்க' என்று சொல்ல முடியாதே!

அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கேபிளை. உள்ளே துருவும் அழுக்கும் சேர்ந்தால் லீவர் கல்லாகக் கனக்கும். கேபிளைச் சுத்தம் செய்து எண்ணெய் விடுவது, தேய்ந்திருந்தால் புதிது போடுவது, லீவரின் கோணத்தைக் கொஞ்சம் திருப்பி வைப்பது... இதிலேயே வலி பாதி குறைந்துவிடலாம்.

மாட்டுவது எளிது, மூடுவதுதான் கஷ்டம்

இரண்டு வண்டிகளிலும் ஹேண்டில்பாரின் கைப்பிடிப் பகுதி பொதுவாக ஒரே தடிமன்தான், சுமார் 22 மில்லிமீட்டர். அதனால் பைக்கின் திருகு குழாய் பனிவண்டியில் கச்சிதமாக நுழைந்துவிடும். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கேபிள் எவ்வளவு தூரம் இழுக்கப்படுகிறது என்பதுதான் கணக்கு. 34 மில்லிமீட்டர் வாய் கொண்ட கார்புரேட்டர் என்றால், உள்ளே இருக்கும் ஸ்லைடு முழுதாகத் திறக்க ஏறக்குறைய 34 மில்லிமீட்டர் மேலே ஏற வேண்டும். கால் சுற்றில் அவ்வளவு கேபிளை இழுக்க, திருகு குழாயில் கேபிள் சுற்றும் சக்கரம் சுமார் 44 மில்லிமீட்டர் விட்டம் இருக்க வேண்டும். சக்கரம் சிறிதாக இருந்தால் முழு வேகத்துக்கு மணிக்கட்டை ரொம்பத் திருக வேண்டியிருக்கும். பெரிதாக இருந்தால் தொட்டாலே சீறும். கேபிளின் நீளம் கொஞ்சம் குறைந்தாலோ, ஹேண்டிலை முழுதாகத் திருப்பும்போது கேபிள் இழுபட்டுத் தானாகவே வேகம் ஏறும்.

டூ-ஸ்ட்ரோக் வண்டியில் இன்னொரு கண்ணி உண்டு. யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். அதில் ஆக்சிலரேட்டர் கேபிள்தான் ஆயில் பம்ப்பையும் இழுக்கும். கார்புரேட்டர் வைத்த பல பனிவண்டிகளிலும் இதே ஏற்பாடு. கேபிளை மாற்றும்போது ஆயில் பம்ப்பின் குறியைச் சரியாகப் பொருத்தாவிட்டால், வண்டி சந்தோஷமாக ஓடும். கொஞ்ச தூரத்தில் எண்ணெய் போதாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஊரிலிருந்து பல மைல் தள்ளி, மைனஸ் 25 டிகிரியில் எஞ்சின் நின்றால் அது வெறும் ரிப்பேர் செலவோடு போகாது.

அடுத்தது பலர் கவனிக்காமல் கழற்றி எறியும் பாகம். எஞ்சினை நிறுத்தும் சிவப்பு ஸ்விட்ச் அந்தக் கட்டைவிரல் லீவர் பெட்டியில்தான் இருக்கும். சில கம்பெனி வண்டிகளில் அதற்குள் ஒரு பாதுகாப்பு ஸ்விட்சும் உண்டு. பனித்தூள் உறைந்து கேபிள் சிக்கிக்கொண்டால், விரலை எடுத்ததும் கேபிள் தொய்வதை அது கண்டுபிடித்து எஞ்சினை அணைத்துவிடும். பைக் ஆக்சிலரேட்டரில் இது கிடையாது. 'ஒயரை ஒட்டவைத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும்' என்று நேரடியாக இணைத்துவிடுகிறவர்கள், உயிர் காக்கும் ஸ்விட்சைத் தூக்கிப் போடுகிறார்கள் என்றுதான் அர்த்தம். கட்டைவிரலுக்கான ஹீட்டரும் கைப்பிடி ஹீட்டரும் கூடவே போய்விடும். திருகும்போது அறுந்துபோகாத ஒயரோடு வேறு ஹீட்டர் போட்டாக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் மாட்டினால், எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு சோதனை. முழுதாக முறுக்கிக் கையை விடுங்கள்; 'டக்' என்று மூட வேண்டும். ஹேண்டிலை இடது கோடியில் வைத்து ஒரு முறை, வலது கோடியில் வைத்து ஒரு முறை. பிறகு வண்டியை ராத்திரி முழுக்க வெளியே குளிரில் நிறுத்தி, காலையில் மறுபடி. கதகதப்பான ஷெட்டில் 'டக்' என்று மூடியது, குளிரில் மெதுவாக நகர்ந்தால் அந்த வேலை முடியவில்லை.

நடுவில் ஒரு வழி

முறுக்கவும் வேண்டாம், கட்டைவிரலும் வேண்டாம் என்பவர்களுக்கு விரல் லீவர் இருக்கிறது. தண்ணீரில் ஓடும் ஜெட் ஸ்கீயில் சுட்டுவிரலால் இழுப்பார்களே, அதுபோல. ஸ்கி-டூவின் சில ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளில் அந்த லீவரைத் திருப்பி வைத்தால் கட்டைவிரலுக்கும் விரல்களுக்கும் மாற்றிக்கொள்ளலாம். அங்கே கேபிளே இல்லை, எல்லாம் எலெக்ட்ரானிக். இப்படிப்பட்ட வண்டியில் திருகு குழாயை நுழைக்க நினைப்பதே தப்பு. மூட்டு வலிக்காரர்களுக்கு நான் கைகாட்டுவது இந்த விரல் லீவரைத்தான்.

முறுக்கியே தீருவேன் என்பவர்களுக்கு ஸ்னோ பைக். சாதாரண மோட்டோகிராஸ் பைக்கின் முன்சக்கரத்தைக் கழற்றி ஒற்றை ஸ்கீயும், பின்சக்கரத்தைக் கழற்றி ரப்பர் பட்டையும் மாட்டிவிடுகிறார்கள். அது பைக் போலவே சாயும். ஓட்டுபவர் பக்கவாட்டில் தொங்க வேண்டியதில்லை. கிளட்சும் இருக்கிறது. அதில் ஆக்சிலரேட்டர், கம்பெனி வைத்த இடத்திலேயே, முறுக்குகிற மாதிரியே இருக்கிறது.

எதை ஓட்டினாலும், எஞ்சினோடு இணைந்த சுருள் கயிறு ஒன்று வரும். அதன் மறுமுனையை ஜாக்கெட்டில் மாட்டிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் அணையும். வாடகை வண்டியில் ஏறும்போது அந்தக் கயிறைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.