'கியர்பாக்ஸ் மூளை போயிடுச்சு!' - பணத்தைக் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

ஜலகண்டாபுரத்தில் சித்தப்பாவுக்கு விசைத்தறிக்கூடம். இரண்டு வருடங்களுக்கு முன் பழைய ஏ.எம்.டி கார் ஒன்றை வாங்கினார். முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியவில்லை என்பதுதான் காரணம். போன மாதம் சித்தியைக் கண் டாக்டரிடம் காட்ட சேலத்துக்குக் கிளம்பியிருக்கிறார். தாரமங்கலம் தாண்டியதும் டேஷ்போர்டில் கியர் விளக்கு மின்னியது. வண்டி தானாக நியூட்ரலுக்குப் போய்விட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமுகிறது, கார் நகரவில்லை. பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது.

அன்றைக்கு டாக்டரைப் பார்க்கவில்லை. காரைப் பட்டறைக்கு இழுத்துப்போனார்கள். "டி.சி.எம் போயிடுச்சுங்க, புதுசு போடணும்" என்றார்கள். சொன்ன தொகை, அவர் காரை வாங்கிய விலையில் கால்வாசி! ராத்திரியே எனக்கு போன்: "ஏங்கண்ணு, நீ பத்திரிகையில இருக்கியே... அப்படி ஒரு பெட்டி நெசமாவே இருக்குதா, இல்ல என்னை ஏமாத்துறாங்களா?"

பெட்டி நிஜமாகவே இருக்கிறது. ஆனால், பழுது அதில்தானா என்பது வேறு கேள்வி. சித்தப்பாவுக்காக விசாரித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தப் பெட்டி என்ன செய்யுது?

டிரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் மாட்யூல் என்பதன் சுருக்கம்தான் டி.சி.எம். மேனுவல் காரில் எப்போது கியர் மாற்ற வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். ஆட்டோமேட்டிக் காரில் அந்த முடிவை எடுக்கும் குட்டிக் கம்ப்யூட்டர் இது. கார் என்ன வேகத்தில் போகிறது, ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, பிரேக்கில் கால் இருக்கிறதா என்றெல்லாம் சென்சார்கள் இதற்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

2014 பிப்ரவரியில் மாருதி சுஸூகி செலெரியோ வந்தபோதுதான், ஏ.எம்.டி நம்ம ஊர் சின்ன கார்களுக்குள் நுழைந்தது. அதில் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் கிளட்ச் பிளேட்டும்தான். கிளட்ச் அழுத்துவதையும் கியர் தள்ளுவதையும் நமக்குப் பதிலாக ஆக்சுவேட்டர் என்ற கருவி செய்கிறது. அதற்கு உத்தரவு போடுவது டி.சி.எம். டார்க் கன்வர்ட்டர், சி.வி.டி வகை கார்களில் ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டு வால்வுகளுக்கு இது உத்தரவு போடும்.

இதைச் சொன்னதும் சித்தப்பா, "அட, நம்ம ஜக்கார்டு மாதிரிதான்" என்றார். எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று அட்டை சொல்லும், தறி நெய்யும். சேலையில் பூ தப்பாக விழுந்தால் என்ன செய்வீர்கள்? அட்டை கிழிந்திருக்கிறதா, கொக்கி தேய்ந்திருக்கிறதா, நூல் அறுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பீர்கள். எடுத்த எடுப்பிலேயே ஜக்கார்டைக் கழற்றி வீச மாட்டீர்கள். காருக்கும் அதே நியாயம்தான்.

என்ன அறிகுறி?

கியர் விளக்கு அல்லது இன்ஜின் விளக்கு எரிவது, கியர் தாமதமாகவோ, வெட்டி வெட்டியோ விழுவது, 'டி' போட்டும் வண்டி நகராதது, ஒரே கியரில் நின்றுவிட்டு வேகம் எடுக்க மறுப்பது. கடைசியாகச் சொன்னதை 'லிம்ப் மோடு' என்பார்கள். கோளாறு தெரிந்ததும் கியர்பாக்ஸ் மேலும் கெடாமல் இருக்க, கார் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் நிலை அது.

சாலையில் இப்படி நடந்தால் ஹஸார்டு விளக்கைப் போட்டு, முடிந்தவரை ஓரம்கட்டுங்கள். இன்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து ஸ்டார்ட் செய்தால் சில நேரம் சரியாகிவிடும். அதை நம்பி நீண்ட பயணம் போக வேண்டாம். கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். ஆட்டோமேட்டிக் காரின் இயங்கும் சக்கரங்கள் தரையில் உருண்டபடி இழுபட்டால் கியர்பாக்ஸ் உள்ளேயே சேதமாகலாம். காரை முழுதாக ஏற்றிச் செல்லும் வண்டியைக் கூப்பிடுவது பாதுகாப்பு.

மாத்துறதுக்கு முன்னாடி நாலு சோதனை

மேலே சொன்ன அறிகுறிகள் எல்லாமே வேறு காரணங்களாலும் வரும். அதனால், இந்த நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

1. பேட்டரி: முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். வோல்ட் இறங்கினால் டி.சி.எம் குழம்பிப்போகும். 'செல்ஃப் எடுக்குதே, பேட்டரி நல்லாத்தான் இருக்கு' என்று விட்டுவிடக் கூடாது.

2. எர்த் வயரும் கனெக்டரும்: எர்த் வயர் பாடியில் சேரும் இடத்தில் துரு, கனெக்டருக்குள் தண்ணீர், பச்சை பூத்த பின், எலி கடித்த வயர்... இவற்றில் ஒன்று போதும், நல்ல டி.சி.எம்மும் செத்ததுபோல நடிக்கும்.

3. ஸ்கேன்: ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டினால் கோடு வரும். பி0700 என்றால் 'கியர்பாக்ஸ் பக்கம் ஏதோ கோளாறு' என்று மட்டுமே அர்த்தம். பி0562 மின்னழுத்தம் குறைவு என்பதைச் சொல்கிறது. பி0715 உள்தண்டின் வேக சென்சார் சர்க்யூட்டைக் காட்டுகிறது. யு0101 வந்தால் டி.சி.எம்மோடு தொடர்பு அறுந்துவிட்டது. அதற்குக் காரணம் பெட்டியாகவும் இருக்கலாம், அதற்குப் போகும் ஃபியூஸ் அல்லது வயராகவும் இருக்கலாம். பி0613 தான் டி.சி.எம்மின் ப்ராசஸரை நேரடியாகக் குறிப்பிடுகிறது. அப்போதும் மின்சாரமும் எர்த்தும் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

4. ஆயிலும் ஆக்சுவேட்டரும்: ஆயில் குறைந்திருந்தாலோ, சோலினாய்டு அடைத்திருந்தாலோ, கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தாலோ புது பெட்டி போட்டும் பயனில்லை.

அப்போ பெட்டி பழுதே ஆகாதா?

ஆகும். சூடும் அதிர்வும் ஈரமும் எலெக்ட்ரானிக்ஸுக்கு ஆகாதவை. அமெரிக்காவில் விற்ற 'பவர்ஷிஃப்ட்' ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கொண்ட ஃபோக்கஸ், ஃபியஸ்டா கார்களின் டி.சி.எம்முக்கு ஃபோர்டு நிறுவனம் 2014-ல் வாரன்டியை 10 ஆண்டுகள் அல்லது 1,50,000 மைல்களாக நீட்டித்தது. கிலோமீட்டரில் சுமார் 2.4 லட்சம்! அந்தப் பெட்டியால் ஓட்டத்தின் நடுவே கியர் விடுபடுவது, கார் ஸ்டார்ட் ஆகாமல் போவது போன்ற பிரச்னைகள் வந்ததே காரணம்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. உங்கள் மாடலுக்கு ரீகால், நீட்டிக்கப்பட்ட வாரன்டி ஏதாவது இருக்கிறதா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவன சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். பழைய கார் வாங்கியவர்களும் கேட்கலாம்.

புதுசு போட்டா மட்டும் போதாது

சரி, பெட்டிதான் பழுது என்று உறுதியாகிவிட்டது. கழற்றி மாட்டுவது பெரும்பாலான கார்களில் சின்ன வேலை. சில கார்களில் பேட்டரி பக்கத்தில் இருக்கும், சிலவற்றில் டேஷ்போர்டுக்குப் பின்னால். கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கும் மாடல்களில்தான் வேலை பெரிது. எதுவானாலும் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். கனெக்டரின் லாக்கை விடுவித்துத்தான் இழுக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை. புது பெட்டி, அட்டை மாட்டாத ஜக்கார்டு மாதிரி. உங்கள் காருக்கான சாஃப்ட்வேரை ஏற்றி, சேஸிஸ் எண்ணோடு சேர்க்க வேண்டும். இதுதான் கோடிங். ஏற்றும்போது நடுவில் மின்சாரம் குறைந்தால் புது பெட்டியே வீணாகிவிடலாம். அதனால் பேட்டரியில் சார்ஜரை இணைத்து வைத்துத்தான் செய்வார்கள்.

அடுத்து 'அடாப்டேஷன்'. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, ஒவ்வொரு கியரும் எங்கே உட்காருகிறது என்று பெட்டி கற்றுக்கொள்ளும் வேலை இது. இதைச் செய்யாமல் காரைக் கொடுத்தால் ஜெர்க் அடிக்கும். 'புதுசு போட்டும் சரியாகலையே' என்று நீங்கள் திரும்ப வந்து நிற்பீர்கள்.

பழைய கார்களைப் பிரிக்கும் இடத்தில் மலிவாகப் பெட்டி கிடைக்கும். ஆனால் பார்ட் எண், சாஃப்ட்வேர் பொருந்த வேண்டும். சில மாடல்களில் வேறு காரின் சேஸிஸ் எண்ணோடு பூட்டிய பெட்டி உங்கள் காரில் வேலையே செய்யாது. கோடிங் செய்து, ஓட்டிக் காட்டிய பிறகே பணம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். போர்டை மட்டும் ரிப்பேர் செய்பவர்களும் இருக்கிறார்கள். புது பெட்டி கிடைக்காத பழைய மாடல்களுக்கு அது ஒரு வழி.

கேட்க வேண்டியவை

ஸ்கேன் ரிப்போர்ட் பிரின்ட் கொடுங்கள். பேட்டரி, எர்த், வயரிங் பார்த்தீர்களா? கோடிங்கும் அடாப்டேஷனும் இந்தத் தொகைக்குள் அடங்குமா? பெட்டிக்கு எத்தனை மாத வாரன்டி? கழற்றிய பழைய பெட்டியை என்னிடம் தருவீர்களா? இவற்றைக் கேட்பதில் தப்பே இல்லை. வேலை தெரிந்த மெக்கானிக் கோபப்பட மாட்டார்.

சித்தப்பாவும் கேட்டார். முதல் பட்டறையில் ஸ்கேன் ரிப்போர்ட்டே கொடுக்கவில்லை. காரைச் சேலத்தில் இன்னொரு பட்டறைக்கு ஏற்றிப்போனார். ஸ்கேனரில் மின்னழுத்தக் குறைவு கோடு. பேட்டரி வயதாகிக் கிடந்தது, எர்த் வயரின் முனை துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. புது பேட்டரி, புது எர்த் வயர், ஒருமுறை அடாப்டேஷன். அவ்வளவுதான். டி.சி.எம் அதே பழைய டி.சி.எம்தான்.

அடுத்த வாரம் சித்தியைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போய்த் திரும்பிவிட்டார். அந்த ஸ்கேன் ரிப்போர்ட் இப்போது காரின் டேஷ்போர்டு பெட்டியில், ஆர்.சி புக்கோடு சேர்ந்து இருக்கிறது. உங்கள் காரிலும் அப்படி ஒன்றை வாங்கி வையுங்கள்.